அதிகாரத்தைப் பிரித்தால் அறம் பிழைக்குமா?

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணாக்கருள் ஒருவரேனும் ஒரு வினாவை எழுப்பாது விடுவதில்லை. பொற்கொல்லன் கூறியதை ஐயுற்று, சற்றுப் பொறுத்து விசாரிப்போம் என்று மன்னனைத் தடுக்க அந்த அரண்மனையில் ஒருவர்தானும் இருக்கவில்லையா என்பதே அவ்வினா. இருந்திருக்கலாம்; ஆனால், தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை. சட்டம் பாண்டியனின் வாயில் இருந்தது. தீர்ப்பும் அதே வாயில் இருந்தது. தீர்ப்பை நிறைவேற்றும் வாளும் அவன் ஏவலில் இருந்தது. மூன்றும் ஓரிடத்திற் குவிந்திருந்தமையால், ஒரு பொய் ஒருவனின் செவியில் நுழைந்ததற்கும் ஓர் உயிர் பிரிந்ததற்கும் இடையே தடையென்று எதுவுமே இருக்கவில்லை.

ஆனால், அக்காதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டியதும் பாண்டியன் பழியைப் பிறர்மீது சுமத்த முனையவில்லை. பொற்கொல்லன் ஏமாற்றினான் என்றோ, காவலர் அவசரப்பட்டனர் என்றோ, வழக்கம் அதுதான் என்றோ அவன் கூறவில்லை. குற்றம் தனதே என்று ஏற்று, அந்த இடத்திலேயே வீழ்ந்து உயிர்விட்டான். அதிகாரம் பிரிக்கப்படாதிருந்தமையாற் பழியும் பிரிக்கப்படவில்லை. அவனது ஆட்சியின் பெருங் குறையும் அவனது சாவின் பெருமையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இக்கதையின் முதற்பாதி காட்டும் தீமையை நீக்குவதற்கு நவீன உலகம் எடுத்த முயற்சிகளுள் மிகப் புகழ்வாய்ந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் யாப்பு. சட்டத்தை ஆக்குவோர், நிறைவேற்றுவோர், அதன்படி தீர்ப்பளிப்போர் ஆகிய மூவரையும் வெவ்வேறாக நிறுத்தி, ஒருவரை மற்றவர் தடுக்குமாறு செய்தது அது. நமது பாடநூல்கள் இதனை வலுவேறாக்கம் என்று கூறும். அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை மாணாக்கர் மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். ஆனால், அதனுள் அடங்கியிருக்கும் ஓர் அறவினாவை நாம் அவர்களிடம் எழுப்புவதில்லை. அதிகாரத்தைப் பிரித்தால் அநீதி குறையும் என்பது மெய்யாகலாம். அதிகாரத்தோடு பொறுப்பும் பிரிந்துபோனால், நிகழும் அநீதிக்கு யார் பொறுப்பாளி? இக்கட்டுரை ஆராய முயல்வது இதனையே.

முதலில் அந்த அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிற் கூடியோர் வகுத்த யாப்பின் முதலாம் உறுப்புரை காங்கிரசையும், இரண்டாம் உறுப்புரை ஜனாதிபதியையும், மூன்றாம் உறுப்புரை நீதிமன்றங்களையும் பற்றியது. காங்கிரஸ் இரு சபைகளைக் கொண்டது. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை இரண்டாண்டுக்கு ஒருமுறை தெரிவு செய்யப்படுகின்றது. மாநிலத்திற்கு இருவராக 100 பேர் கொண்ட செனற் சபையினரின் பதவிக்காலம் ஆறாண்டு. வரி விதித்தல், பணம் ஒதுக்குதல், போர்ப் பிரகடனஞ் செய்தல் ஆகியன காங்கிரசின் கையில் உள்ளன. ஜனாதிபதி நான்காண்டுக்குத் தெரிவாகிறார். படைக்குத் தலைவர் அவரே. காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தை அவர் மறுக்கலாம். மறுப்பை இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீறலாம். நீதிபதிகளை ஜனாதிபதி முன்மொழிய, செனற் சபை இசைவளிக்கவேண்டும்; இசைந்தபின் நன்னடத்தையுள்ள காலமெல்லாம் அவர்களை எவரும் அகற்ற இயலாது. ஜனாதிபதிமீது குற்றஞ்சாட்டும் உரிமை பிரதிநிதிகள் சபைக்கும், அதனை விசாரித்துத் தீர்க்கும் உரிமை செனற் சபைக்கும் உண்டு. யாப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாதென்று கூறும் அதிகாரம் யாப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803ஆம் ஆண்டு பிரதம நீதியரசர் மார்ஷல் வழங்கிய தீர்ப்பொன்றின் மூலம் உயர் நீதிமன்றம் அதனைத் தனதாக்கிக்கொண்டது.

இவ்வமைப்பின் அடியில் மனிதனைப் பற்றிய ஒரு கருத்து உண்டு. பிரெஞ்சு அறிஞர் மொன்ரெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலிலிருந்து கற்றவர்களாயினும், மடிசன் முதலியோர் அதனை ஒருபடி மேலே கொண்டுசென்றனர். நல்லவர்களே ஆட்சிக்கு வருவர் என்று நம்புதல் பேதைமை என்று அவர்கள் கருதினர். ஒருவனின் பேராசையை மற்றொருவனின் பேராசையாலே தடுப்பதும், பதவியில் இருப்பவனின் தன்னலத்தையே அவனது பதவியின் உரிமைக்குக் காவலாக்குவதும் அவர்களது உபாயம். நம் முன்னோர் செங்கோன்மையை மன்னனின் உள்ளத்திலே தேடினர். இவர்கள் அதனை ஒரு பொறியின் பற்சக்கரங்களிலே தேடினர். நேர்மையான மனிதர் இல்லாமலே நேர்மையான ஆட்சியை அமைக்கலாம் என்ற இத்துணிவு மனித சிந்தனை வரலாற்றில் ஒரு பெரும் பாய்ச்சல் என்பதில் ஐயமில்லை.

அப்பொறி வேலை செய்ததற்குச் சான்றுகளும் உண்டு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், உருக்காலைகளில் வேலைநிறுத்தம் நிகழவிருந்த வேளை, ஜனாதிபதி ட்ரூமன் அவ்வாலைகளை அரசு பொறுப்பேற்குமாறு பணித்தார். யூன் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற வாக்கில், அவருக்கு அவ்வதிகாரம் இல்லையென்றது. போர்க்காலத்துப் படைத்தலைவர் தாளொன்றுக்குப் பணிந்து ஆலைகளைத் திருப்பி ஒப்படைத்தார். 1974ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி, தமது உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஒப்படைக்குமாறு ஜனாதிபதி நிக்சனுக்கு அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கட்டளையிட்டது. தீர்ப்பளித்த எண்மரில் மூவர் அவராலேயே நியமிக்கப்பட்டோர். பதினாறு நாட்களின்பின் அவர் பதவி துறந்தார்.

இடதுசாரிகளாகிய நம்மவரிற் சிலர் இவற்றையெல்லாம் முதலாளித்துவத்தின் மாயவித்தை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதுண்டு. அங்ஙனம் ஒதுக்குவதற்கு வரலாறு நமக்கு உரிமை தரவில்லை. 1936ஆம் ஆண்டின் சோவியத் யாப்பு பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் நீதிபதிகளின் சுயாதீனத்தையும் அழகுற எழுதிவைத்தது. அடுத்த ஈராண்டுகளுள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர் அந்நாட்டிற் சுட்டுக்கொல்லப்பட்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் நீதிமன்றத்தைக் காணவேயில்லை. மூவர் கொண்ட குழுக்கள் பெயர்ப்பட்டியல்களைப் பார்த்துத் தண்டனை விதித்தன. உழைக்கும் மக்களின் பெயரால் அமைந்த அரசாயினும், தடுப்பார் இல்லாதவிடத்து அது மதுரையின் அரண்மனையாகவே மாறிவிடும். இதனை ஏற்க மறுப்பவன் தன் கொள்கைக்குத் துணைசெய்பவனல்லன், அதற்குப் பழிதேடுபவனே.

ஆயின், தடைகள் இருந்தாற் போதுமா? இவ்விடத்திலேதான் நாம் வேறொரு வினாவைக் கேட்கவேண்டும். தடை எவரைத் தடுத்தது? எவருக்குக் காவலாயிற்று?

யாப்பை வகுத்தோரிற் பலர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தோர். மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமையொருவனை ஐந்தில் மூன்று பங்காக எண்ணவும், 1808க்கு முன் அடிமை வாணிகத்தைக் காங்கிரஸ் தடைசெய்யாதிருக்கவும் அவர்கள் ஏற்பாடு செய்தனர். பொறியின் பற்சக்கரங்கள் எவ்வளவு நுட்பமாகப் பொருந்தியிருப்பினும், அதனுள் இடப்படாதவர்களுக்கு அது காவலாக முடியாது. இன்றுங்கூட, 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 3 கோடி 95 இலட்சம் மக்கள் வாழும் கலிபோர்ணியாவுக்கும், 5 இலட்சத்து 77 ஆயிரம் மக்கள் வாழும் வயோமிங்குக்கும் செனற் சபையில் இவ்விரண்டு இடங்களே.

தடை என்பது காலத்தைக் கடத்துவது. காலங்கடத்துதல் எல்லோருக்கும் ஒரேவகையான இழப்பைத் தருவதில்லை. உடைமையுள்ளவன் காத்திருக்கலாம், உழைப்பவனாற் காத்திருக்க இயலாது, குழந்தையோ காத்திருக்கவே இயலாது. ஏனெனில், காத்திருக்கும் காலத்திலே அது குழந்தையாக இருப்பதை இழந்துவிடுகின்றது. இதனை அமெரிக்காவின் பஞ்சாலைகளே காட்டின. 1916ஆம் ஆண்டு காங்கிரஸ், பதினான்கு வயதுக்குட்பட்ட சிறாரை வேலைக்கமர்த்தும் ஆலைகளின் பொருட்களை மாநில எல்லை கடந்து அனுப்பலாகாது என்று சட்டமியற்றியது. ஜனாதிபதி வில்சன் ஒப்பமிட்டார். மக்களால் தெரிவு செய்யப்பட்ட இரு துறைகளும் இசைந்த சட்டம் அது. வட கரோலினாவின் சார்லற் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளியான ரோலண்ட் டகென்ஹார்ட் தம் இரு புதல்வர் உழைக்கும் உரிமையை அது பறிப்பதாக வழக்கிட்டார். வழக்கு ஏழைத் தந்தையின் பெயரால் நடந்தது. அதன் பயனை அனுபவித்தோர் ஆலை உடைமையாளர். 1918ஆம் ஆண்டு யூன் மாதம் உயர் நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில், அச்சட்டம் செல்லாதென்றது.

காங்கிரஸ் சோர்ந்துவிடவில்லை. சிறாரின் உழைப்பாற் பெறும் இலாபத்துக்கு 1919இல் வரி விதித்தது. 1922இல் அதுவும் செல்லாதாயிற்று. 1924இல் யாப்பையே திருத்த முனைந்தது. போதிய மாநிலங்கள் இசையாமையால் அதுவும் நிறைவேறவில்லை. 1938இல் நியாய தொழில் நியமச் சட்டம் நிறைவேறி, 1941இல் நீதிமன்றம் அதனை ஏற்றபோது, முதற் சட்டம் பிறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. வழக்கின் இரு புதல்வருள் ஒருவரான ரூபென், வளர்ந்தபின் தம்மைக் கண்ட பத்திரிகையாளர் ஒருவரிடம், வழக்கில் வென்றதாற் கண்ட பயன் கல்வியை இழந்ததே என்ற கருத்துப்படக் கூறினார். மூன்று துறைகளும் ஒன்றையொன்று செம்மையாகத் தடுத்துக்கொண்டன. அப்பொறியில் எந்தப் பழுதும் நேரவில்லை. ஒரு தலைமுறைச் சிறார் மட்டும் தறியடியிலே முதிர்ந்துபோயினர்.

நீதிமன்றம் ஏழைக்கு எதிராக நின்றதொரு வழக்கை மட்டும் எடுத்துக்காட்டுதல் ஒருபாற் கோடுதலாகும் என்று சிலர் கூறலாம். அது மெலியோர் பக்கம் நின்ற வழக்கொன்றையும் நோக்குவோம். 1832ஆம் ஆண்டு மார்ஷல் தலைமையிலான உயர் நீதிமன்றம், செரோக்கீ மக்களின் நிலத்திலே ஜோர்ஜியா மாநிலத்தின் சட்டங்கள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஆனால், தீர்ப்புக்கு வாளுமில்லை, பணப்பெட்டியுமில்லை. ஈராண்டுகளுக்கு முன்னரே, பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றின் மேற்கே அகற்றும் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபை 102க்கு 97 என்ற வாக்கில் நிறைவேற்றியிருந்தது. ஜனாதிபதி ஜக்சன் அதனை முன்னின்று நடத்தினார். 1835இல் அம்மக்களுட் சிறுபான்மையினர் சிலர் ஒப்பமிட்ட உடன்படிக்கையைச் செனற் சபை அடுத்த ஆண்டு ஏற்றது. 1838இல் படையினர் அவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினர். அந்நெடும் பயணத்திலும் அதற்கு முந்திய தடுப்பு முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. நீதி தாளிலே இருந்தது. நிலம் குடியேறியோர் கைக்குச் சென்றது.

எனினும், இவை இரண்டும் துறைகள் தம்முள் முரண்பட்ட வேளைகளில் நிகழ்ந்தவை. மூன்றும் ஒன்றுபட்டு அநீதி இழைத்த வேளையே நமது வினாவுக்கு மிகக் கடினமான சோதனை. அத்தகைய வேளையொன்று 1942ஆம் ஆண்டு வந்தது.

1941 டிசம்பர் 7ஆம் திகதி யப்பான் பேள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 9066ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளையில் ஒப்பமிட்டார். வேண்டிய பிரதேசங்களிலிருந்து வேண்டியவரை வெளியேற்றும் அதிகாரத்தை அது இராணுவத் தளபதிகளுக்கு அளித்தது. மார்ச் மாதத்தில், வெளியேற மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. எதிர்வாக்கு எதுவும் பதிவாகவில்லை. மேற்குக் கரையிலிருந்து யப்பானிய வமிசத்தவர் சுமார் 120,000 பேர் வீட்டையும் கடையையும் தோட்டத்தையும் விட்டகற்றப்பட்டு, பாலைநிலங்களிலும் சதுப்புநிலங்களிலும் அமைந்த பத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பகுதியினர் அந்நாட்டிற் பிறந்த குடிமக்கள். அவர்களில் எவர்மீதும் தனித்தனியாகக் குற்றஞ்சாட்டப்படவில்லை. ஜேர்மனிய வமிசத்தவரோ இத்தாலிய வமிசத்தவரோ இவ்வாறு கூட்டமாக அகற்றப்படவில்லை. தாக்கப்பட்ட ஹவாயிலே, மக்களில் மூன்றிலொரு பகுதிக்கு மேற்பட்டோர் யப்பானிய வமிசத்தவர். அங்கும் அத்தகைய பேரகற்றல் நிகழவில்லை. பாதுகாப்பே காரணமெனில் இது விளங்காத புதிர். இனவெறுப்பும், யப்பானிய உழவரின் விளைநிலத்தின்மீது போட்டியாளர் கொண்ட ஆசையும் காரணமெனில் எளிதில் விளங்கும்.

ஒக்லண்ட் நகரிற் பிறந்த பிரெட் கொரமற்சு என்ற பற்றுவைப்புத் தொழிலாளி வெளியேற மறுத்துக் கைதானார். அவரது வழக்கு 1944 டிசம்பர் 18ஆம் திகதி உயர் நீதிமன்றத்திலே தீர்க்கப்பட்டது. ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் அவர் தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிளக் குடியுரிமைகளின் காவலர் என்று பின்னாளிற் பெரிதும் போற்றப்பட்டவர் என்பது நாம் மறக்கலாகாதது. கொடியவர் சிலர் சேர்ந்து செய்த சதியன்று இது. நல்லவர் எனப்பட்ட பலர் முறைப்படி செய்த காரியம்.

அம்முறையைச் சற்று உற்று நோக்குக. இராணுவம் கேட்டது, நான் ஒப்பமிட்டேன் என்பது ஜனாதிபதியின் நிலை. ஜனாதிபதி முடிவெடுத்தார், அதற்குச் சட்டவலு அளித்தோம் என்பது காங்கிரசின் நிலை. ஏனைய இரு துறைகளும் போர்க்காலத்தில் இசைந்து முடிவெடுத்தன, இராணுவத் தேவையைத் தீர்மானித்தல் எமது துறையன்று என்பது நீதிமன்றத்தின் நிலை. கட்டளைக்குப் பணிந்தேன் என்பது முட்கம்பிக்கு வெளியே துவக்குடன் நின்ற படைவீரனின் நிலை. ஒவ்வொருவரும் முழுச் செயலிலும் ஒரு சிறு துண்டையே செய்தனர். ஒவ்வொருவரின் மனச்சாட்சியும் அத்துண்டின் அளவுக்கே குத்தியது. பாண்டியனின் அரண்மனையிற் பழி ஒருவன்மீது முழுமையாக வீழ்ந்து அவனைக் கொன்றது. இங்கு அதே பழி நூறாகப் பகுக்கப்பட்டமையால் ஒருவரையும் தீண்டவில்லை. அதிகாரத்தைப் பிரித்த கத்தி பொறுப்பையும் பிரித்துவிட்டது.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். தன் துறைக்குரிய வேலையை மட்டும் செய்வதுதானே வலுவேறாக்கம்? நீதிபதி தன் மனச்சாட்சியைச் சட்டத்துக்கு மேலாக வைத்தால், அவரும் முடியணியாத மன்னராகிவிடுவாரன்றோ? பஞ்சாலைச் சிறாரின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தம் பொருளாதாரக் கொள்கையைச் சட்டமாக்கியமையே கேடாயிற்று என்று சற்றுமுன் கூறிவிட்டு, கொரமற்சுவின் வழக்கில் மட்டும் நீதிபதிகள் துணிந்து குறுக்கிட்டிருக்கவேண்டும் என்பது முரணாகாதா?

இது வலிமையான தடை. எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால், இரு வழக்குகளுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னையதிலே வாக்குரிமையற்ற சிறாரைக் காக்க மக்களின் பிரதிநிதிகள் முன்வந்தபோது, நீதிமன்றம் வலியோர் பக்கம் நின்று மறித்தது. பின்னையதிலே, பிரதிநிதிகள் எவரும் காக்க முன்வராத ஒரு சிறுபான்மை நீதிமன்றத்தின் வாயிலில் நின்றபோது, அது கதவை அடைத்தது. அத்துடன், மூன்று துறைகளைத் தனித்தனியே நிறுவியதன் நோக்கம் யாது? ஒரே பொருளை மூன்று சோடிக் கண்கள் தனித்தனியே பார்க்கவேண்டும் என்பதன்றோ? ஒன்று அச்சத்தால் மயங்கினால் மற்றொன்று தெளிந்து பார்க்கும் என்பதன்றோ? அவ்வாறாயின், மற்றத் துறையினர் பார்த்துவிட்டனர், நாம் பார்க்கத் தேவையில்லை என்று கண்ணை மூடுபவர் வலுவேறாக்கத்துக்குப் பணிந்தவராகார், அதனை அழித்தவராவார். மூன்று காவலரை நிறுத்திவிட்டு, ஒருவர் விழித்திருப்பதாக எண்ணி மற்ற இருவர் உறங்கினால், அங்கே இருப்பது ஒரு காவலன்தான். அவனும் உறங்கினால் ஒருவருமில்லை.

இதனை அந்நீதிமன்றத்திலேயே மூவர் உணர்ந்திருந்தனர். நீதியரசர் மேர்பி அத்தீர்ப்பை இனவாதம் என்று வெளிப்படையாகவே பெயரிட்டு மறுத்தார். நீதியரசர் ஜக்சன், இராணுவக் கட்டளை போரோடு மறைந்துபோகக்கூடும், ஆனால் நீதிமன்றம் அதனை நியாயப்படுத்திவிட்டாற் பின்வரும் எவ்வதிகாரமும் அக்கொள்கையை எடுத்தாளும் என்று எச்சரித்தார். நீதியரசர் றொபேட்ஸ் மூன்றாமவர். இவர்கள் தம் துறையின் எல்லையைத் தாண்டவில்லை. தமக்குரிய இருக்கையில் இருந்தவாறே, தமக்குரிய கண்ணாற் பார்த்தனர். அறம் அவர்களிடம் வேண்டியதும் அவ்வளவே. ஆகவே, பொறுப்பைப் பற்றி நாம் இங்ஙனம் கூறலாம்: அதிகாரம் பகுக்கத்தக்கது, பொறுப்பு பகுக்கத்தக்கதன்று. ஓர் அநீதிக்குப் பத்துப்பேர் கைகொடுத்தால், ஒவ்வொருவரும் பத்திலொரு பங்கு குற்றவாளியல்லர்; தடுக்கக்கூடியதைத் தடுக்காத அளவில் ஒவ்வொருவரும் முழுக் குற்றவாளியே.

இவ்வுண்மை மறக்கப்படும்போதெல்லாம் அதன் விலையை வேறெங்கோ உள்ள எளியவர் செலுத்துகின்றனர். போர்ப் பிரகடனஞ் செய்யும் உரிமை காங்கிரசுக்கே உரியது. அது அவ்வுரிமையை இறுதியாகப் பயன்படுத்தியது 1942ஆம் ஆண்டில். அதன்பின் நிகழ்ந்த பெரும் போர்கள் பிரகடனமின்றியே நடந்தன. 1964ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி, தொங்கின் குடா நிகழ்ச்சியைக் காரணங்காட்டி, தென்கிழக்காசியாவிற் படைவலியைப் பயன்படுத்தும் அதிகாரத்தை ஜனாதிபதி ஜோன்சனுக்குக் காங்கிரஸ் அளித்தது. பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் ஒருவருமில்லை. செனற் சபையில் 88 பேர் ஆதரித்தனர். மோர்ஸ், குரூனிங் என்ற இருவர் மட்டும் எதிர்த்தனர். வியட்நாமிய உழவரின் வயலிலே குண்டு வீழ்ந்தபோது, வாக்களித்தோரிற் பலர் அதனை ஜனாதிபதியின் போர் என்றனர். ஜனாதிபதியோ காங்கிரசின் தீர்மானத்தை எடுத்துக்காட்டினார். எதிர்த்த இருவரும் 1968இல் தம் ஆசனங்களை இழந்தனர்.

அண்மையில், 2024ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி, உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் இன்னுமொரு படி சென்றது. ஜனாதிபதியாக இருந்தவர்மீது, யாப்பு அவருக்கே தனித்து வழங்கிய அதிகாரங்களைப் பிரயோகித்தமைக்காகக் குற்றவழக்குத் தொடர இயலாது என்றும், பதவிசார்ந்த ஏனைய செயல்களிலும் அவருக்கு விலக்குரிமை உண்டென்றே முதலிற் கொள்ளப்படவேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது. அஞ்சாது கடமையாற்ற இது வேண்டும் என்பது பெரும்பான்மையோரின் நியாயம். ஜனாதிபதிமீது குற்றஞ்சாட்டிச் செனற் சபையில் விசாரிக்கும் வழி இன்னும் உண்டு என்பது மெய்யே. ஆயினும், 1868 முதல் மூன்று ஜனாதிபதிகள்மீது நான்கு முறை நடந்த அவ்விசாரணை ஒருமுறையேனும் குற்றத்தீர்ப்பில் முடியவில்லை. பாண்டியனிடம் இருந்த அதிகாரத்திலே பெரும்பகுதியை ஒருவருக்கு அளித்துவிட்டு, பாண்டியனிடம் இருந்த பொறுப்பை மட்டும் அவரிடமிருந்து நீக்குவது எவ்வகை நீதி என்பதைச் சிந்திப்போர் தாமே தீர்மானிக்கட்டும்.

அவ்வாறாயின், அமெரிக்க வரலாற்றிலே அநீதிகள் நீங்கவேயில்லையா? நீங்கின, ஆனால், பொறி தானே சுழன்று அவற்றை நீக்கவில்லை. சிறாரின் உழைப்பை ஒழித்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் முப்பதுகளின் வேலைநிறுத்தங்களும் தொழிற்சங்கங்களும் நின்றன. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டத்தை எதிர்த்தோர் செனற் சபையிலே ஏறத்தாழ இரண்டரை மாதம் பேசிப்பேசியே காலங்கடத்த முனைந்தனர். அத்தடையை உடைத்தது பெர்மிங்காமின் தெருக்களிலே நாய்களையும் நீர்ப்பீரங்கிகளையும் எதிர்கொண்ட கறுப்பின மக்களின் உறுதி. மூன்று துறைகளுக்கும் வெளியே நாலாவதொன்று உண்டு. யாப்பு அதனை முதற் சொல்லில் அழைத்துவிட்டு, பின்னர் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. மக்கள் என்பதே அது.

கொரமற்சுவின் கதையும் அங்கேயே முடிகின்றது. இளவயதில் முகாமில் அடைபட்ட ஐக்கோ ஹேர்சிக் யோஷினாகா என்ற பெண்மணி, பல்லாண்டுகளின்பின் தேசிய ஆவணக் காப்பகத்திலே தாள்தாளாகத் தேடினார். மேற்குக் கரைத் தளபதியின் அறிக்கையினது முதல் வடிவத்தின் ஒரு பிரதி 1982ஆம் ஆண்டில் அவர் கைக்கெட்டியது. ஒழித்துவிடுமாறு பணிக்கப்பட்ட பிரதிகளுள் எஞ்சியது அது. விசுவாசிகளைப் பிரித்தறியக் காலம் போதவில்லை என்பதே நீதிமன்றத்திற் கூறப்பட்ட காரணம். காலம் ஒரு காரணமேயன்று, அவ்வினத்தவரைப் பிரித்தறியவே இயலாது என்பதே முதல் வடிவம் கூறிய காரணம். இவைபோன்ற ஆவணங்களைக் கொண்டு 1983இல் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டாட்சி நீதிமன்றம் கொரமற்சுவின் குற்றத்தீர்ப்பை நீக்கியது. 1988இல் காங்கிரஸ் மன்னிப்புக் கோரி, எஞ்சியிருந்தோருக்குத் தலைக்கு 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது. 1944இன் தீர்ப்பு வழங்கப்பட்ட நாளிலேயே தவறானது என்று உயர் நீதிமன்றம் கூறியது 2018ஆம் ஆண்டில். அதுவும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் பலவற்றின் மக்களுடைய வருகையை ஜனாதிபதி ட்ரம்ப் தடுத்த கட்டளையை, ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில், ஏற்ற தீர்ப்பிலேயே கூறியது. பழைய தவறுக்கு வருந்தும் வாயும் புதிய கட்டளைக்கு இசையும் வாயும் ஒன்றாகவே இருந்தன.

அரண்மனைக்குள் இருந்தோர் எவரும் சிலம்பை உடைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஒருத்தியே உடைத்தாள். அவள் கையில் வாளில்லை, சான்று இருந்தது, அஞ்சாமை இருந்தது. மதுரையில் ஒரே வாயில் இருந்தது. வாஷிங்டனில் மூன்று வாயில்கள் உள்ளன. மூன்று வாயில்கள் இருப்பது ஒன்றிருப்பதிலும் மேலானது என்பதை நாம் நன்றியுடன் ஏற்போம். ஆனால், சிலம்பை ஏந்தி வருவோர் இல்லாதவிடத்து மூன்றும் வெறும் கட்டடமே. மாணாக்கர் அடுத்த முறை அந்த வினாவை எழுப்பும்போது, அரண்மனையில் ஒருவர்தானும் இருக்கவில்லையா என்று கேட்பதோடு நில்லாமல், ஊரிலே எத்தனை பேர் இருந்தனர், அவர்கள் என் செய்தனர் என்றும் கேட்குமாறு அவர்களைத் தூண்டுவதே ஆசிரியராகிய நம் கடமை.